இன்கமிங் மட்டும் போதும்

லைஃப்டைம் சிம் வந்த உறைக்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கும். இரண்டு பக்கமும் ஆங்கிலம், பொடி எழுத்து, மங்கிய சாம்பல் மை. விற்கிற நானும் வாங்குகிறவரும் அதைப் பிரிப்பதே இல்லை. உறையைக் கிழித்து, சிம்மை உடைத்தெடுத்து போனில் போட்டதும் தாள் உறையோடு குப்பைக்கூடைக்குப் போய்விடும். 2006-இல் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த என் கடையில் அப்படித்தான் நடந்தது. ஐப்பசி மழையில் ஆளே வராத ஒரு மத்தியானம், அந்தத் தாளைப் பிரித்து வைத்து, மகனின் ஆங்கில அகராதியைத் துணைக்கு எடுத்துக்கொண்டு படித்தேன். கட்டணத்தையும் சேவையையும் கம்பெனி தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று ஓரிடத்தில் இருந்தது. இன்னும் கீழே, இந்த ஒப்பந்தத்தை வேறொரு நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிக் கொடுக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு, அதற்கு வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியதில்லை என்று இருந்தது. அந்த இரண்டாவது வரி எதற்கு என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. கடைப்பலகையைக் கழற்ற ஆட்கள் ஏணியோடு வந்து நின்றபோது விளங்கியது.

சிம் விற்பதற்கு முன் என் கடை எஸ்.டி.டி. பூத். உசிலம்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து முறுக்குக் கம்பெனி போட வெளிமாநிலம் போனவர்கள் ஏராளம். ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிரா, குஜராத் என்று எங்கெங்கோ போய் அடுப்பு மூட்டி, முறுக்கும் அதிரசமும் சுட்டு, ஊர் ஊராகச் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிற பிழைப்பு. மீசை முளைக்காத வயதில் போன பையன் பொங்கலுக்கோ குலசாமி கும்பிடுக்கோதான் திரும்புவான். அவன் குரலைக் கேட்க அவனைப் பெற்றவள் என் பூத் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். இன்ன நாள் இன்ன நேரம் கூப்பிடுகிறேன் என்று கடிதத்தில் எழுதியிருப்பான். இரவு ஏற ஏறக் கட்டணம் இறங்கும் என்பதால் பதினொரு மணிவரை காத்திருந்தவர்களும் உண்டு. கடைசி பஸ் போயிருக்கும். பேசி முடித்துவிட்டு, சேலைத்தலைப்பை விரித்துக் கடை வாசலிலேயே படுத்து, விடிந்ததும் ஊருக்குப் போவார்கள். அந்தப் பெண்களை எனக்கு முகம் தெரியும், மகன் பெயர் தெரியும், மகன் எந்த ஊரில் எந்த முதலாளியிடம் இருக்கிறான் என்பதும் தெரியும். பின்னால் நான் சிம் விற்றதெல்லாம் பெரும்பாலும் இவர்களுக்குத்தான்.

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியது. நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை வாங்கிய காலம் அது. நாம் பேசினாலும் காசு, நமக்கு வந்தாலும் காசு. 2003 மே 1 முதல் வருகிற அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகுதான் எங்கள் பக்கத்துச் சனங்கள் செல்போனைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. ப்ரீபெய்டு கூப்பனுக்கு வேலிடிட்டி என்று ஒரு கெடு. கெடு முடிந்தால் இருக்கிற பேலன்ஸும் போகும், இன்கமிங்கும் நிற்கும். யாருக்கும் பேசாத ஒருத்தி, மகன் கூப்பிடுவதற்காக மட்டும் மாதாமாதம் காசு கட்ட வேண்டியிருந்தது.

2005 கடைசியிலும் 2006 தொடக்கத்திலும் லைஃப்டைம் திட்டங்கள் வந்தன. ஒரே தடவை 999 ரூபாய். அதற்குப் பிறகு வேலிடிட்டிக் கவலையே இல்லை, இன்கமிங் எப்போதும் வரும். பெரிய கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக இதை அறிவித்தன. அந்த ஆண்டு மார்ச்சில் பி.எஸ்.என்.எல். நாடு முழுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்றும் கொண்டுவந்தது. குஜராத்திலிருந்து உசிலம்பட்டிக்குப் பேச ஒரு ரூபாய்! என் பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துப் பார்த்து, பாதிப் பேச்சில் ரிசீவரை வைத்தவர்களுக்கு அது நம்ப முடியாத விலை.

கூட்டம் வந்தது. அதில் ஒரு அப்பத்தாவை மட்டும் சொல்கிறேன். சுருக்குப்பையை அவிழ்த்துக் கவுண்டர் மேல் கொட்டினாள். சுருட்டிய பத்து ரூபாய்த் தாள்கள், ஐம்பது ரூபாய்த் தாள்கள், கொஞ்சம் சில்லறை. களையெடுப்புக் கூலியில் மூன்று வாரத்துக்கு மேல் உழைத்த காசு. வெற்றிலைச் சாறு பட்ட ஒரு தாளை மட்டும் தனியே எடுத்து முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

"ஏப்பா, இது எத்தன நாளைக்கு வரும்?"

"நாள்கணக்கு இல்ல அப்பத்தா. ஒரு தடவ கட்டுனாப் போதும்."

"எனக்கு யாருக்கும் பேச வேண்டியதில்ல. மகன் பேசுனா எனக்கு வரணும். இன்கமிங் மட்டும் போதும்."

"வரும் அப்பத்தா."

வரும் என்று சொன்னது கம்பெனி இல்லை, நான். கம்பெனி எங்கே இருக்கிறது, யார் முதலாளி என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரின் பையன் முகம் மட்டுந்தான் தெரியும். சிறு ஊரில் செல்போன் கம்பெனி என்றால் கூப்பன் கொடுக்கிற கடைக்காரன்தான். அவன் வார்த்தையை நம்பித்தான் சனங்கள் காசைக் கொட்டினார்கள்.

அந்த 2006 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு உத்தரவு போட்டது. மொத்தமாகக் காசு வாங்கிக்கொண்டு ஆயுட்காலத்துக்கு என்று விற்ற திட்டத்தை, கம்பெனியின் உரிமம் இருக்கும்வரை, அது புதுப்பிக்கப்பட்டால் புதுப்பித்த உரிமம் இருக்கும்வரை, வாடிக்கையாளருக்குத் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல உத்தரவு. உரிமம் யார் கைக்குப் போனாலும் கடன் அதோடு போகும் என்றுதான் நான் அதைப் புரிந்துகொண்டேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் விற்றவற்றில் ஒரு கம்பெனி கைமாறியது. எது என்பது இங்கே வேண்டாம். கைமாறாத கம்பெனி எது என்று கேட்டால்தான் விடை சொல்வது கஷ்டம். சென்னையில் முதலில் வந்த இரண்டில் ஸ்கைசெல் 2000-இல் பார்தியிடம் போய் ஏர்டெல் ஆனது. ஆர்.பி.ஜி. செல்லுலார் 2003-இல் ஏர்செல்லிடம் போனது. 1999-இல் தொடங்கிய ஏர்செல்லில் பெரும்பங்கை 2006-இல் மலேசியாவின் மேக்ஸிஸ் வாங்கியது. தமிழ்நாட்டில் பி.பி.எல். வைத்திருந்த சேவை ஹட்ச் ஆனது, ஹட்ச் 2007-இல் வோடஃபோன் ஆனது, 2018 ஆகஸ்ட் 31-இல் ஐடியாவோடு சேர்ந்தது, 2020 செப்டம்பரில் வி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 98430 என்று தொடங்கும் நம்பரை ஆரம்பத்தில் வாங்கி இன்றுவரை மாற்றாமல் வைத்திருக்கும் ஒருவர், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே இத்தனை பேருக்கு வாடிக்கையாளராக இருந்திருக்கிறார்.

இதில் 2007-இல் நடந்தது எனக்கு இன்றும் வியப்பு. ஹட்சின் இந்திய சேவையில் பெரும்பங்கு, ஏறத்தாழ 1,100 கோடி டாலருக்குக் கைமாறியது. விற்கப்பட்டது இங்குள்ள டவரோ நம்பரோ அல்ல. கேமன் தீவுகளில் பதிவான ஒரு நிறுவனத்தின் பங்கு. ஒரே ஒரு பங்கு. அந்த ஒரு பங்கைக் கொடுத்து வாங்கியதில் இந்தியாவில் கோடிக்கணக்கானவர்களின் நம்பர்கள் மறுபக்கம் போயின. இந்த வியாபாரத்துக்கு இந்தியாவில் வரி கட்ட வேண்டுமா என்று வழக்கு நடந்து, 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வேண்டாம் என்றது. அரசு முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தியது. சர்வதேச நடுவர் மன்றம் வரை போய், 2021-இல் அந்தத் திருத்தமே விலக்கிக்கொள்ளப்பட்டது. அரசுக்குச் சேர வேண்டிய வரி என்ன என்று பதினாலு வருடம் வாதாடினார்கள். கைமாறியபோது வாடிக்கையாளருக்குச் சேர வேண்டியது என்ன என்று அந்த வழக்கில் ஒருவரும் கேட்கவில்லை. அது வரி வழக்கு, கேட்க இடமும் இல்லை. ஆனால் வேறெங்கும் யாரும் கேட்டதாகவும் நான் அறியவில்லை.

எங்கள் ஊரில் கைமாற்றம் என்பது ஒரு மினி லாரியில் வந்தது. பழைய பலகையைக் கழற்றிப் புதிய நிறத்தில் புதிய பெயரோடு பெரிய பலகை மாட்டினார்கள். கடை ஷட்டருக்கும் அதே நிறத்தில் பெயின்ட், எனக்கும் பையனுக்கும் டி-சர்ட். டிஸ்ட்ரிப்யூட்டர் ஆள் சொன்னான்: "அண்ணே, பேரு மட்டுந்தான் மாறுது. நம்பர் அதே, சிம் அதே, ஆஃபர் எல்லாம் அதே. கஸ்டமர் கேட்டா அப்படியே சொல்லிருங்க." கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னேன்.

முதலில் மாறியது சின்ன விஷயம். பேலன்ஸ் பார்க்கிற நம்பர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் ஒரு சின்ன அட்டையில் ஸ்டார், மூன்று எண், ஹாஷ் என்று வரைந்து போனின் முதுகில் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தேன். அந்த வடிவத்தைப் பார்த்துப் பார்த்து அழுத்துவார்கள். ஒரு நாள் காலையிலிருந்து அது வேலை செய்யவில்லை. போன் கெட்டுப்போச்சு என்று எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒட்டிய அட்டையைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது ஒட்டினேன். கஸ்டமர் கேர் நம்பரும் மாறியிருந்தது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பதிவுக்குரல் சொல்லும் வரிசையில் தமிழ் முன்பு இருந்த இடத்தில் இல்லை. பழகிய விரல் பழைய எண்ணை அழுத்தும், அந்தப் பக்கம் இந்தி பேசும்.

பிறகு திட்டங்களில் கை வைத்தார்கள். அதே கம்பெனி நம்பர்களுக்குள் ராத்திரியில் குறைந்த கட்டணத்தில் பேசலாம் என்று ஒரு பூஸ்டர் கார்டு இருந்தது. முறுக்குக் கம்பெனிப் பையன்கள் அடுப்பை அணைத்த பிறகு பேசுவது அதில்தான். அது நிறுத்தப்பட்டது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது; எங்கள் ஊர் போன்களில் அது படிக்காமலே கிடந்து, இன்பாக்ஸ் நிரம்பி அழிந்தது. கேட்காமலே காலர் டியூன் ஏறி முப்பது ரூபாய் பிடித்ததும் அந்தக் காலத்தில்தான். அதை நிறுத்த 155223 என்று ஒரு இலவச எண் பின்னால் வந்தது. அந்த எண்ணைக் கடைச் சுவரில் சிவப்பு மார்க்கரில் எழுதி வைத்தேன்.

கட்டணத்தை உயர்த்தியதற்குக் கேட்டால் பதில் தயாராக இருந்தது. ஒரு திட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு அதன் கட்டணத்தை உயர்த்தக்கூடாது என்பது டிராய் விதி. ஆறு மாதம் தாண்டிவிட்டது, அதனால் மாற்றலாம். விதிப்படி சரி. ஆனால் லைஃப்டைம்?

அதிலும் கை வைத்தார்கள். லைஃப்டைம் வாடிக்கையாளர் 180 நாளுக்கு ஒரு முறை 200 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்யாவிட்டால் நம்பர் நிற்கும் என்றது புதிய குறுஞ்செய்தி. இது புதுசு இல்லை, பழைய தாளிலேயே இருக்கிறது என்றார் கஸ்டமர் கேரில் பேசியவர். நான் அகராதி வைத்துப் படித்த அந்தத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 'அவ்வப்போது தெரிவிக்கப்படும் குறைந்தபட்ச ரீசார்ஜுக்கு உட்பட்டது' என்று அர்த்தம் தரும் அரை வரி இருந்தது. எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்று இல்லை. பழைய முதலாளி அந்த அரை வரியைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தார். புதிய முதலாளி வாங்கியதில் அதுவும் அடக்கம்.

அப்பத்தா வந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஒத்திக்கு இருக்க வீட்ட வீட்டுக்காரன் வித்துப்புட்டா, வாங்குனவன் ஒத்திப் பணத்தக் குடுக்காம நம்மள வெளிய போன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது அப்பத்தா."

"அப்ப இது மட்டும் எப்புடி?"

நான் படித்த எந்த விதியிலும் இதைவிடத் தெளிவாக யாரும் எழுதவில்லை. எங்கள் பக்கம் ஒத்தி என்பது எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. மொத்தமாகப் பணத்தைக் கொடுத்து வீட்டில் இருப்பது, போகும்போது பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வது. வீடு கைமாறினால் வாங்குகிறவர் ஒத்திக்காரரைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் விலை பேசுவார். 999 ரூபாயும் மொத்தமாகக் கொடுத்த பணம்தான். அதை வாங்கிச் செலவழித்தது பழைய முதலாளி, சேவை கொடுக்க வேண்டியது புதிய முதலாளி. விலை பேசிய மேசையில் இது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

அவளுக்காக மட்டுமல்ல, என் நோட்டில் லைஃப்டைம் என்று குறித்திருந்த எல்லாருக்காகவும் புகார் பதிந்தேன். டாக்கெட் நம்பர் கொடுத்தார்கள். சில நாளில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தது; எதுவும் தீரவில்லை. மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். பழைய தாளின் அரை வரியை எடுத்துக்காட்டிப் பதில் வந்தது. டிராய்க்கு எழுதினால் தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை, கம்பெனிக்கே அனுப்பிவைப்பார்கள். நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று மதுரையில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். 2009-இல் உச்ச நீதிமன்றம், தொலைபேசித் தகராறுகளுக்குத் தந்திச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது, நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியாது என்று சொல்லிவிட்டது என்றார். அந்தக் கதவு தனியார் செல்போன் கம்பெனிகளைப் பொறுத்தவரை மறுபடி திறந்தது 2022 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பால். இடையில் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். எத்தனை கம்பெனிகள் கைமாறின, எத்தனை கோடிப் பேரின் திட்டம் மாறியது, அந்த இடைவெளியில்தான்.

பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போ என்றார்கள். 2011 ஜனவரி 20 முதல் நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறலாம் என்று வந்தது நிஜமாகவே பெரிய வசதி. 1900-க்குச் செய்தி அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும், அப்போது 19 ரூபாய் கட்டணம், ஒரு வாரத்தில் மாறியது. 'போர்ட் போட' என்று என் கடையில் வரிசை நின்றது. ஆனால் போர்ட் போட்டால் பேலன்ஸ் கூட வராது. லைஃப்டைமும் வராது. 999 கொடுத்தவள் அதை விட்டுவிட்டுப் போக வேண்டும். அப்பத்தா போகவில்லை. "நான் கட்டுன காசு இங்கதான இருக்கு" என்றாள். 180 நாளைக்கு ஒரு தடவை 200 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பணத்தில் பேசவும் மாட்டாள். பேலன்ஸ் ஏறிக்கொண்டே போனது.

போகிற இடங்களும் சுருங்கின. போர்ட் வந்த புதிதில் என் மேசையில் பத்துக் கம்பெனி சிம் இருந்தது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தபோது சில போயின. 2016-இல் ஜியோ வந்ததும் மற்றவர்கள் ஒருவரையொருவர் வாங்கினார்கள் அல்லது மூடினார்கள். டெலினாரின் இந்திய சேவை 2018-இலும், டாடா டோகோமோவின் வாடிக்கையாளர்கள் 2019-இலும் ஏர்டெல்லுக்குப் போனார்கள். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. மாநிலம் முழுக்கச் சனங்கள் சிக்னலுக்கும் போர்ட் குறியீட்டுக்கும் அலைந்த வாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வோடஃபோனும் ஐடியாவும் சேர்ந்த நாளில் அவர்களிடம் சுமார் 40 கோடி வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். கடைசியில் மேசையில் நாலு கம்பெனி மிஞ்சியது. பிடிக்காவிட்டால் வேறு இடம் போ என்பதற்கு நாலே இடம் மிஞ்சியிருக்கும்போது என்ன பொருள்?

2018 நவம்பரில் வந்தது எல்லாவற்றையும்விடப் பெரியது. மாதம் குறைந்தது 35 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால்தான் சேவை, இல்லாவிட்டால் முதலில் அவுட்கோயிங் நிற்கும், பிறகு இன்கமிங்கும் நிற்கும். பெரிய கம்பெனிகள் இப்படிச் செய்தி அனுப்பின. லைஃப்டைம் என்ற பேச்சே அதோடு முடிந்தது. கணக்கில் போதிய இருப்பு வைத்திருப்பவரின் சேவையை உடனே நிறுத்தக்கூடாது என்று டிராய் தலையிட்டது. ஆனால் குறைந்தபட்ச ரீசார்ஜ் வேண்டும் என்ற நிபந்தனையைத் தடுக்கவில்லை. கட்டணத்தை நிர்ணயிப்பது கம்பெனிகளின் விருப்பம் என்பதே அதன் நிலை. அப்பத்தாவின் கணக்கில் பேசாமல் சேர்ந்த பேலன்ஸ் ஆயிரத்துக்கு மேல் கிடந்தது. அதை வைத்து வேலிடிட்டி வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், கொஞ்ச மாதம் ஓடியது.

அதன் பிறகு அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்து, மகளின் ஊரில் போய்ப் பல மாதம் படுக்கையில் கிடந்தாள். போன் சுருக்குப்பையில் சார்ஜ் இல்லாமல் இருந்தது. திரும்பி வந்து கடையில் கொடுத்தாள். சிம் செத்திருந்தது. கஸ்டமர் கேரில் கேட்டால், அந்த நம்பர் இப்போது வேறொருவர் பெயரில் இருக்கிறது என்றார்கள். குஜராத்திலிருந்து மகன் கூப்பிட்டிருக்கிறான். யாரோ ஒரு இளவட்டம் எடுத்து, "ராங் நம்பர்ங்க, திரும்பத் திரும்பக் கூப்பிடாதீங்க" என்றிருக்கிறான். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி, அவன் என் கடை நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினான். அவள் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். ரிசீவரைக் கொடுத்தேன். அழுதது அவன்தான்.

நம்பர் போனால் குரல் மட்டும் போவதில்லை. முதியோர் உதவித்தொகை வந்த செய்தி, பேங்க் ஓ.டி.பி., ரேஷன் கார்டுச் செய்தி, காஸ் சிலிண்டர் பதிவு எல்லாமே அந்தப் பழைய நம்பரில். தன் ஆதாரைத் தூக்கிக்கொண்டு, பேரன் பைக்கில் உட்கார்ந்து, முறிந்து கூடிய இடுப்போடு பேங்குக்கும் தாலுகா ஆபீசுக்கும் அவள் அலைந்தாள். ஒவ்வொரு இடத்திலும் பழைய நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அதைச் சொல்லுங்கள் என்றார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்க அனுமதி கேட்டு வரும்போது, மொத்தப் பணம் வாங்கி விற்ற திட்டங்கள் எவை, அவற்றில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அனுமதி கொடுக்கிறவர்கள் கேட்க வேண்டும். தொடர முடியாது என்றால் பணத்தைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாறுகிற நிபந்தனை எதுவானாலும், மாறுவதற்கு முன்பே, அந்த வாடிக்கையாளர் படிக்கிற மொழியில், படிக்கத் தெரியாதவருக்குக் குரல் அழைப்பாகச் சொல்ல வேண்டும். அலைக்கற்றை எவ்வளவு, கடன் எவ்வளவு, வங்கி உத்தரவாதம் எவ்வளவு என்று ஒவ்வொரு இணைப்பிலும் பத்தி பத்தியாக நிபந்தனை போடுகிறார்கள். இதற்கும் ஒரு பத்தி இடம் இருக்கும்.

இப்போதும் கடை இருக்கிறது. போனில் தானே ரீசார்ஜ் செய்துகொள்ளத் தெரிந்தவர்கள் வருவதில்லை. தெரியாதவர்கள் வருகிறார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். 28 நாள் திட்டம் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை கட்ட வேண்டும். அதற்காகவே 2022-இல் டிராய் முப்பது நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. 2024 டிசம்பரில், டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் கொடுக்க வேண்டும், சிறப்புத் திட்டங்களின் வேலிடிட்டி 365 நாள் வரை இருக்கலாம் என்றும் உத்தரவிட்டது. பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு இது உதவிதான். ஆனால் வருடத் திட்டத்துக்கு மொத்தமாக ஆயிரத்துக்கு மேல் எடுத்து வைக்க அவர்களால் முடிவதில்லை. அதனால் முதல் பணத்தை நான் போட்டுவிடுகிறேன். உதவித்தொகை வருகிற வாரத்தில் நூறு, நூற்றைம்பது என்று கொண்டுவந்து கொடுத்து அடைக்கிறார்கள். இதுவரை ஒருவரும் கொடுக்காமல் விட்டதில்லை.

ரீசார்ஜ் ரசீதின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்: எந்தத் தேதியில் எவ்வளவு கட்டியது, எத்தனை நாளுக்கு, இன்கமிங் உண்டா, பேச எவ்வளவு, கட்டிய அன்று கம்பெனியின் பெயர் என்ன. கீழே கடை முத்திரை. நாளைக்குக் கம்பெனி பெயர் மாறி நிபந்தனையும் மாறினால், மதுரை நுகர்வோர் நீதிமன்றத்தில் காட்ட அவர்கள் கையில் ஒரு தாள் இருக்கும். சோப்புக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு வையுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.